கடல் பார்த்த சுவர் – வேகாத பருப்பு

மகன் கல்யாணக் காரியமாகக் கிளம்புகிற மனிதர் நேராகக் கிளம்ப வேண்டியதுதானே? மதிவாணன் கிளம்பமாட்டார். விடிந்தும் விடியாததுமாக விருத்தாசலம் தொழிற்பேட்டையில் இருக்கும் தன் பீங்கான் ஷெட்டுக்குள் புகுந்து, ஆறிக் கிடந்த சூளையைத் திறந்துவிட்டார்.

வாசலில் வேன் நிற்கிறது. பாத்திரம் பண்டம், அரிசி பருப்பு, காய்கறி எல்லாம் ஏற்றியாகிவிட்டது. முன்சீட்டில் மனைவி ஜெயஸ்ரீ பட்டுப்புடவையில் உட்கார்ந்து, கையை நீட்டி ஹாரனை அமுக்கிக்கொண்டிருக்கிறாள். இவரோ வெந்து வந்த கார்த்திகை விளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் சுண்டி, காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நல்ல விளக்கு ‘ணங்’ என்னும். விரிசல் கண்டது ‘டொக்’ என்னும். டொக் என்றதை மதிவாணன் ஓரமாக எடுத்துக்கூட வைக்கமாட்டார். அங்கேயே தரையில் போட்டு உடைத்துவிடுவார். மேலே வர்ணம் பூசி மறைத்து விற்கிற வேலை அவரிடம் கிடையாது. இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, பீங்கான்காரர்கள் மத்தியில் அவருக்கு ‘டொக்கு’ என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது.

“என்னங்க! பொண்ணு வூட்டுக்காரங்க நமக்கு முன்ன போய் நின்னுடப் போறாங்க!”

“வந்துட்டேன் ஜெயா. அவங்க நல்லூர்லேந்து வரணும். நாம பாதி வழியிலதான் இருக்கோம்.”

“பாதி வழியிலயே இருந்தா எப்பங்க சமைக்கிறது?”

ஜெயஸ்ரீயின் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. 

மகன் திலீபனுக்கும் நல்லூர் பழமலையின் மகள் அன்பரசிக்கும் மனசு ஒத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது. அன்பரசி விருத்தாசலத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ‘உங்களுக்குச் சர்க்கரை இருக்குதும்மா’ என்று ஜெயஸ்ரீக்கு முதலில் சொன்னவளே அவள்தான். ரிசல்ட்டை வாங்கப் போன திலீபன் அதற்கப்புறம் எதற்கெடுத்தாலும் அம்மாவுக்கு டெஸ்ட் எடுக்கச் சொன்னது தனிக்கதை. அதை முந்தைய வாரங்களில் படித்தவர்கள் சிரித்திருப்பார்கள்.

பழமலைக்குப் பையனைப் பிடித்துவிட்டது. குடும்பத்தையும் பிடித்துவிட்டது. வீட்டைத்தான் பிடிக்கவில்லை. பார்க்காமலேயே பிடிக்கவில்லை.

திலீபனுக்குப் பரங்கிப்பேட்டையில் ஐஸ் பிளான்டில் இன்ஜினியர் வேலை. பக்கத்துக் குப்பத்தில், அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில், போன வருஷம்தான் ஒரு பழைய வீட்டை வாங்கியிருந்தான். இது தெரிந்ததும் அன்பரசியின் தாய்மாமன் மாணிக்கவேல் பிடித்துக்கொண்டார். கம்மாபுரத்துக்காரர். எதிலும் குறை கண்டுபிடிக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

“கடலோரத்துல வூடா? உப்புக் காத்து செவுத்தத் தின்னுடும் மாமா. கம்பிய தின்னுடும். நம்ம பொண்ணு போய் உக்காந்தா ரெண்டு மழையில கூரை தலையில வுழும்” என்று பழமலையிடம் ஓதிவிட்டார்.

பழமலை நிலத்து மண்ணையே கையில் எடுத்து உதிர்த்துப் பார்த்துத்தான் விதைக்கிறவர். “வூட்டப் பாக்குறேன். நிக்கிற வூடுன்னா கை நனைப்போம். இல்லன்னா டீயோட திரும்பிடுவோம்” என்று சொல்லியனுப்பிவிட்டார்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீடு பார்க்க வந்த பெண் வீட்டார் அங்கே இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். சாப்பிடாமல் எழுந்தால் பேச்சும் அதோடு முடிந்தது. அதுவரைக்கும் ‘சம்பந்தி’ என்ற வார்த்தையை இரண்டு பக்கமும் வாயில் எடுக்கமாட்டார்கள்.

ஆகவே இன்றைக்கு நிற்க வேண்டியது ஒரு சுவர். வேக வேண்டியது ஒரு சாப்பாடு. இரண்டும் நடந்தால் திலீபனுக்குக் கல்யாணம்.

சேத்தியாத்தோப்பு, புவனகிரி எல்லாம் தாண்டி வேன் கடற்கரைச் சாலையில் திரும்பியபோது, முதலில் பார்த்தது ஜெயஸ்ரீதான்.

“அய்யோ, என்னங்க!”

“என்ன?”

“நம்ம வூடாங்க அது?”

நல்ல வெண்ணெய் நிறத்தில் வீடு வெயிலில் நின்றது. ஜன்னல் ஓரத்திலும் மொட்டைமாடிக் கைப்பிடியிலும் மயில்கழுத்துப் பச்சை. நிறம் இரண்டும் அன்பரசி தேர்ந்தெடுத்தவை. பின்னாலே கடல் நீலமாக விரிந்து கிடக்க, வீட்டைப் பார்க்கவே பூரிப்பாக இருந்தது. ஜெயஸ்ரீக்குக் கண் கலங்கிவிட்டது. மதிவாணன் வேனை நிறுத்தாமலேயே மீசையைத் தடவிக்கொண்டார்.

“சும்மாவா? என் மேற்பார்வை ஆச்சே. பக்கிரி பெயின்டர்தான். அதுக்கு முன்னாடி செவுத்தக் கழுவுனது நானு. நம்ம ஷெட்டு ஆளுங்க ரெண்டு பேர கூட்டியாந்து, நாள் பூரா ஓஸ் புடிச்சு, பிரஷ் போட்டுத் தேச்சு...”

“போதும், நூறு வாட்டி கேட்டாச்சு. எறங்குங்க.”

திலீபன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து பாத்திரங்களை இறக்கினான். முகமெல்லாம் சிரிப்பு.

“அம்மா, நான் போய் எலையும் பூவும் வாங்கியாந்துடுறேன். உள்ள கேன் தண்ணி வச்சிருக்கேன், பாத்துக்க.”

“சரி, சீக்கிரம் வா.”

பைக் பறந்தது. கேன் தண்ணீரைப் பார்த்த ஜெயஸ்ரீ, வருகிறவர்களுக்குக் குடிக்க இருக்கட்டும் என்று பத்திரமாக மூலையில் நகர்த்தி வைத்தாள். குழாயைத் திறந்தாள். பருப்பைக் களைந்தாள். குக்கரை ஏற்றினாள்.

விருந்தில் முதலில் விழுவது பருப்பும் நெய்யும். அது பாந்தமாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்பது ஜெயஸ்ரீயின் நம்பிக்கை. 

குக்கர் விசில் அடித்தது. மறுபடியும் அடித்தது. ஜெயஸ்ரீ வெண்டைக்காயை நறுக்கி முடித்துவிட்டு மூடியைத் திறந்தாள். பருப்பு பாசிமணி மாதிரி முழுசு முழுசாகக் கிடந்தது.

“இன்னிக்குப் பாத்தா?” என்று மறுபடி மூடினாள். விசில் மேல் விசில். திறந்தாள். அதே மணி. ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். விரல்தான் வலித்தது.

பருப்பு வழக்கமான கடையில் வாங்கியது. நேற்று வீட்டில் இதே பருப்பு குழைந்துபோனது. அடுப்பு சரி. குக்கர் சரி. ஜெயஸ்ரீ கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குழாயைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்து, நாக்கில் வைத்தாள்.

முகம் சுளித்தது. அடுத்த நிமிஷம் முகம் வெளுத்தது.

வெளியே மதிவாணன் கடையில் வாங்கிய டீ டம்ளரோடு, மாப்பிள்ளைக்கு அப்பா என்ற தோரணையில், கடலுக்கும் சுவருக்கும் நடுவே உலாத்திக்கொண்டிருந்தார்.

“என்னங்க, ஒண்ணு கேக்குறேன். மறைக்காம சொல்லுங்க.”

“கேளு.”

“இந்தச் செவுத்த எந்தத் தண்ணியில கழுவுனீங்க?”

“இதென்ன கேள்வி? மோட்டாரப் போட்டு போர் தண்ணியிலதான்.”

“கெட்டுது போங்க!”

“ஏன்டி?”

“உள்ள வந்து ஒரு வாய் அந்தத் தண்ணியக் குடிச்சுப் பாருங்க. பருப்பே வேகாத உப்புங்க அது!”

மதிவாணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். 

அவர் செய்தது தப்பு என்று யார் சொல்ல முடியும்? பீங்கான் தொழிலில், பச்சை மண் வெந்து வந்ததும் மினுக்குப் பூச்சு போடுவதற்கு முன்னால், ஒவ்வொரு பொம்மையையும் ஈர ஸ்பாஞ்சால் துடைப்பார்கள். தூசு துளி இருந்தாலும் பூச்சு அந்த இடத்தில் பிடிக்காது. அதே நினைப்பில், உப்புக் காற்று ஏறிய சுவரைக் கழுவினால்தான் பெயின்ட் பிடிக்கும் என்று சரியாகவே யோசித்தார். கழுவவும் கழுவினார். ஆனால் விருத்தாசலத்தில் மோட்டாரைப் போட்டால் வருவது நல்ல தண்ணீர். குடிக்கலாம், சமைக்கலாம், மண் குழைக்கலாம். போர் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அங்கே யாருக்கு இருக்கிறது? கடலோரத்தில் இருந்தால் இருக்கும்.

சுவரில் இருந்த உப்பைக் கழுவுகிறேன் என்று நாள் முழுக்க நின்று, சுவருக்கு உப்புத் தண்ணீர் குடிக்கக் கொடுத்திருக்கிறார் மனிதர். அதற்கு மேலே பிரைமர். அதற்கு மேலே இரண்டு கோட்டு பெயின்ட்.

கடல் பார்த்த சுவருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். தூரத்திலிருந்து பார்த்தால் வழவழவென்றிருந்த சுவரில், கிட்டத்தில் பார்த்தால் கடுகு கடுகாகக் கொப்புளம். கட்டைவிரலால் ஒன்றை அமுக்கினார். பொத்தென்று உடைந்து, உள்ளேயிருந்து வெள்ளைத் தூள் கொட்டியது. தொட்டு நாக்கில் வைத்தார்.

“உப்பு பூத்துடுச்சு ஜெயா” என்றார்.

பின்னால் அலை தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

“ஒண்ணு பண்ணலாம்” என்றார் மதிவாணன் மெதுவாக. “பக்கிரிய வரச் சொல்லி, இந்தப் பக்கம் மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேச்சு, மேல ஒரு கோட்டு குடுத்துடலாம். இன்னிக்கு அவங்க பாத்துட்டுப் போயிடட்டும். அப்பறம் நாம நெதானமா...”

ஜெயஸ்ரீ அவரையே பார்த்தாள்.

“காலையில சூளையில ஒரு வெளக்க எடுத்துச் சுண்டுனீங்களே, டொக்குன்னுச்சே. அத என்ன பண்ணுனீங்க?”

“அது வெளக்கு ஜெயா.”

“இது நம்ம வூடுங்க. வெளக்குல இல்லாத ரெண்டாம் தரம் மருமவளுக்கு மட்டும் எங்கேந்து வந்துச்சு?”

மதிவாணனுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் அவர் பேச்சை அவருக்கே யாரும் இப்படித் திருப்பிக் கொடுத்ததில்லை. 

அந்த நேரம் பார்த்துத் திலீபன் இலைக்கட்டோடு வந்து இறங்கினான். விஷயத்தைக் கேட்டதும் இலைக்கட்டு கையிலிருந்து நழுவியது.

“போர் தண்ணியிலயா? அப்பா! அதுல சோப்பே நுரைக்காதுப்பா!”

“நீ சொல்லலியேடா!”

“நீங்க கேக்கலியே! நான் வேலைக்குப் போயிருந்தேன். பஞ்சாயத்து கொழாயில புடிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“நெனச்சியா? செவுரு உன்னுது, நெனச்சா போதுமா?”

“வாய மூடுங்க ரெண்டு பேரும்” என்றாள் ஜெயஸ்ரீ. “போன் அடிக்குது பாரு.”

அன்பரசிதான். பெண் இந்தப் பயணத்தில் வரக்கூடாது என்பதால் நல்லூரிலேயே இருந்தாள். லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்து வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

“அப்பா, அம்மா, மாமா எல்லாம் காருல கெளம்பிட்டாங்க. வூடு ரெடியா?” 

திலீபனுக்குப் பொய் சொல்ல வராது. அவளிடம் சுத்தமாக வராது. ஒன்று விடாமல் சொல்லிவிட்டான்.

“அன்பு? லைன்ல இருக்கியா?”

“இருக்கேன். சொரண்டிடுங்க.”

“உங்க மாமா வர்றாரு. ஒடம்பு தெரிய நிக்கிற செவுத்தப் பாத்தாருன்னா...”

“தெரியும். அவரு சாமியாடிடுவாரு. பரவால்ல, சொரண்டிடுங்க. அது நான் இருக்கப் போற வூடுங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “டிவி பாத்தீங்களா? வங்கக் கடல்ல தாழ்வு மண்டலமாம். பூச்சு இல்லாத செவுத்துல மழ அடிச்சா என்னாவும்?” என்றாள்.

“மறுபடியும் உப்பத்தான் குடிக்கும். கடல் தண்ணி பறந்து வந்து அடிக்குமே.”

“சரி, வைக்கிறேன்” என்று பட்டென்று வைத்துவிட்டாள். 

திலீபன் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். கோபமா, அழுகையா, ஒன்றும் புரியவில்லை.

அவனுக்குப் பின்னால் ‘சரக்’ என்று ஒரு சத்தம். திரும்பினான். மதிவாணன் பட்டுச் சட்டையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, பனியனோடு, கையில் கிடைத்த தோசைக்கரண்டியால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரு முழம் பெயின்ட் அப்பளம் மாதிரி உரிந்து வந்து அவர் காலடியில் விழுந்தது.

“என் தோசைக்கரண்டி!” என்று அலறினாள் ஜெயஸ்ரீ. 

அப்புறம் அங்கே நடந்த கூத்தைக் கேட்கவே வேண்டாம். கூப்பிட்டதும் பக்கிரி தன் ஆட்களோடு சுரண்டும் தகடுகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். திலீபன் ஏணியில் ஏறினான். நல்ல தண்ணீர் டேங்கருக்குப் போன் பறந்தது; அதுவும் வந்து நின்றது. ஜெயஸ்ரீ பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் தகடு என்று அடுப்புக்கும் சுவருக்குமாக ஓடினாள். கேன் தண்ணீரைக் குக்கரில் ஊற்றிப் புதுப் பருப்பைப் போட்டாள்.

சுவர் உரிய உரிய மதிவாணனுக்கு ஏதோ ஒரு உற்சாகம் வந்துவிட்டது. “விடாத, விடாத, அந்த மூலையையும் எடு! மேல பாருடா, சன்ஷேடுக்கு அடியில!” என்று சத்தம் போட்டார். மறைத்து வைக்க ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு மனுஷனுக்கு வருமே ஒரு தைரியம், அது வந்திருந்தது. குப்பத்துப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

உள்ளே குக்கர் விசில் அடித்தது. ஜெயஸ்ரீ ஓடிப்போய் மூடியைத் திறந்தாள். பருப்பு மலர்ந்து, குழைந்து, கரண்டி வைத்ததும் வழிந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வாசலில் கார் ஹாரன்.

முதலில் இறங்கினவர் மாணிக்கவேல். தெருப் பக்கத்துச் சுவரைப் பார்த்துவிட்டு ஏமாந்த மாதிரி நின்றார். அங்கே வெண்ணெய் நிறம் ஜொலித்துக்கொண்டிருந்தது. குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தவர் முகம், தீபாவளி வந்த மாதிரி மலர்ந்தது.

“மாமா! இங்க வாங்க மாமா! வந்து இந்தக் கூத்தப் பாருங்க!”

கடல் பக்கத்துச் சுவர் முழுக்க உரிந்து, சாம்பல் நிறச் சிமென்ட்டாக, நனைந்து நின்றது. ஏணி மேலே மாப்பிள்ளை, தலையெல்லாம் வெள்ளைத் தூளாக. கீழே மாப்பிள்ளையின் அப்பா, பனியனோடு. 

பழமலை மெதுவாக நடந்து வந்தார். ஒல்லியான மனிதர். தோளில் துண்டு. அவர் பின்னாலேயே மனைவி கொளஞ்சியம்மாள், தாம்பாளத்தில் பழத்தோடு.

“சொன்னேனா இல்லியா?” என்றார் மாணிக்கவேல். “உப்பு தின்னுடும்னு சொன்னேனா? ஆள் வர்ற நாளே செவுரு உரியுது. வாங்க மாமா, டீய குடிச்சுட்டு நடையக் கட்டுவோம்.”

திலீபன் ஏணியிலிருந்து இறங்கினான்.

மதிவாணன் தகட்டைக் கீழே வைத்தார். “செவுரு தானா உரியலீங்க. நாங்கதான் உரிக்கிறோம்” என்றார். “தப்பு என்னுது. ஊர்ல கழுவுற மாரி போர் தண்ணியில கழுவிட்டேன். இங்க அது உப்பு. காலையில இவ பருப்பு வேகலைன்னு சொன்னப்பதான் தெரிஞ்சுது. இப்ப நல்ல தண்ணியில கழுவுறோம். காய வச்சு, முதல்லேந்து அடிக்கணும்.”

பழமலை உரிந்த சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார். பின்னால் கைகட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தார். எல்லோரும் அவர் பின்னாலேயே நடந்தார்கள். தெருப் பக்கத்துச் சுவருக்கு வந்ததும் நின்றார். கட்டைவிரலால் அழுத்தினார். கொப்புளம் இல்லை. வழவழவென்று இருந்தது.

“இது நல்லாத்தான இருக்குது?”

“இருக்குதுங்க” என்றார் மதிவாணன்.

“இத என்ன பண்ணுவீங்க?”

“இதையும் எடுக்கணும். இதுவும் அதே தண்ணியில கழுவுனதுதான். கடல் காத்து நேரா படாததால இன்னும் வெளிய வரல. ஒரு வருஷம் போனா வந்துடும்.”

“ஒரு வருஷம் கழிச்சு வர்றதுக்கு இன்னிக்கே எடுக்குறாராம்!” என்று மாணிக்கவேல் சிரித்தார். கூடச் சிரிக்க யாரும் இல்லை.

பழமலை சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. “நாங்க வந்தது இந்தப் பக்கமாத்தான். இத மட்டும் காட்டி, முன்னாடியே உக்கார வச்சு, சாப்பாடு போட்டு அனுப்பியிருக்கலாமே?”

ஜெயஸ்ரீ முன்னால் வந்தாள்.

“அனுப்பியிருக்கலாம்ணே. நீங்க போயிடுவீங்க. அன்பரசி தெனம் அந்தப் பக்கம்தான துணி காயப் போடும்? அது பாக்குமே.”

கொளஞ்சியம்மாள் சட்டென்று புடவைத் தலைப்பை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

பழமலை துண்டால் கையைத் துடைத்தார். கடலைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். பிறகு, மனைவியிடம் சாதாரணமாகச் சொன்னார்.

“கொளஞ்சி, எலை போடச் சொல்லு.” மதிவாணன் பக்கம் திரும்பினார். “சம்பந்தி, கை பூரா தூளா இருக்குது. கழுவிட்டு வாங்க. நல்ல தண்ணியில கழுவுங்க.”

மதிவாணனுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இரண்டையும் செய்தார். திலீபன் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

இலை விழுந்தது. பருப்பு விழுந்தது. நெய் விழுந்தது. பழமலை முதல் வாய் எடுத்து வைக்கிற வரைக்கும் ஜெயஸ்ரீ நெய்க்கரண்டியோடு அங்கேயே நின்றாள். 

“பருப்பு வெண்ணெயாட்டம் இருக்குது” என்றாள் கொளஞ்சியம்மாள்.

மாணிக்கவேல் வாயைத் திறக்காமல் மூன்றாம் தடவை சோறு வாங்கிக்கொண்டார். அதை எல்லோரும் பார்த்தார்கள், யாரும் சொல்லிக் காட்டவில்லை.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுகிற நேரம். காற்று மாறியிருந்தது. காலையில் நீலமாகக் கிடந்த கடல் இப்போது ஈயப் பாத்திரத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. மாணிக்கவேல் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். 

“கடலூர்ல புயல் கூண்டு ஏத்திட்டாங்களாம்.”

திலீபனும் மதிவாணனும் ஒரே நேரத்தில் எழுந்து சுவரைப் பார்த்தார்கள். மேல் பூச்சு ஒரு துளி இல்லாத சுவர். நல்ல தண்ணீரில் கழுவிவிட்ட ஈரம் இன்னும் காயவில்லை.

“எத்தினி நாள் காயணும் சம்பந்தி?” என்று கேட்டார் பழமலை.

“நல்ல வெயில்னா ரெண்டு நாள்ல பிரைமர் வைக்கலாம். வெயிலே இல்லியே.” மதிவாணன் தலையில் கை வைத்துக்கொண்டார். “கடல் தண்ணி வந்து அடிச்சுதுன்னா இன்னிக்குப் பட்டதெல்லாம் வீண். செவுரு பூரா உப்ப வாங்கிக்கும்.”

மாணிக்கவேல் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி தொண்டையைச் செருமினார். “கை நனைச்சாச்சு, அதுல பேச்சு இல்ல. ஆனா மாமா, செவுரு இந்த மழையில நிக்கிதான்னு பாத்துட்டு தேதி குறிக்கிறதுதான் மொறை.”

எல்லோரும் பழமலையைப் பார்த்தார்கள். அவர் வெற்றிலையை மடித்தபடியே, “அவன் சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்குது” என்றார். “மழ போவட்டும். வந்து செவுத்தப் பாக்குறேன். அப்பறம் தேதிய வச்சுக்கலாம்.”

திலீபன் போய் ஈரச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

அப்போதுதான் தெருமுனையில் ஒரு குட்டி லோடு வேன் திரும்பியது. முதுகில் ஏதோ நீலமாக, மடிப்பு மடிப்பாக, உயரமாக ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. நேராக வந்து கேட்டுக்கு வெளியே நின்றது.

தார்ப்பாய்கள். மல்லாட்டை என்று நாம் சொல்கிற நிலக்கடலையைக் காயப்போடும்போது மழை வந்தால் களம் முழுக்க மூடுவதற்கென்று வைத்திருப்பார்களே, அந்தப் பெரிய தார்ப்பாய்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்ட்டில், கை அகல எழுத்தில் ‘ந. பழமலை, நல்லூர்’ என்று எழுதியிருந்தது.

பழமலையின் கையிலிருந்த வெற்றிலை அப்படியே நின்றது.

டிரைவருக்குப் பக்கத்திலிருந்து இறங்கியவள் அன்பரசி. அவசரத்தில் வாரின தலை. தோளில் கயிற்றுச் சுருள்.

“என்னடி இது!” என்று பதறி எழுந்தாள் கொளஞ்சியம்மாள். “கல்யாணத்துக்கு முன்ன இந்த வாசல நீ மிதிக்கிறதா?”

“பாத்தீங்களா மாமா? பாத்தீங்களா?” மாணிக்கவேலுக்குக் குரல் கீச்சிட்டது.

“நான் உள்ள வரலம்மா. கேட்டுக்கு வெளியதான் நிக்கிறேன்.” அன்பரசி கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். திலீபனை அவள் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள். “அப்பா, திட்டறதெல்லாம் நாளைக்குத் திட்டுங்க. நான் நின்னு கேக்குறேன். இப்ப செவுத்த மூடணும். மாடியிலேந்து எறக்கிக் கட்டுனா சாரல் படாது. முடிச்சு போட உங்களுக்குத்தான் தெரியும்.”

காற்று வீசிய வேகத்தில் தார்ப்பாயின் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டது.

பழமலை மகளைப் பார்த்தார். தார்ப்பாயில் இருந்த தன் பெயரைப் பார்த்தார். எழுந்து, துண்டை உதறினார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் முதல் துளி விழுந்தது. உரிந்து நின்ற சுவரில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவர் அதைக் குடித்துவிட்டது.